மஸ்கட்டிலிருந்து ஒரு கிரில்

மலைக்குக் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் கையோடு மடக்கு கிரில் கொண்டுபோகலாமா, வேண்டாமா என்று யாராவது என்னைக் கேட்டால் இனிமேல் யோசிக்காமல் பதில் சொல்வேன். தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் போகிற ஊரில் கிரில் என்றால் என்னவென்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரிக்கவில்லை.

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். மனைவி சாந்திக்குத் தேனிப் பக்கம். சின்னமனூரிலிருந்து மேகமலை அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு கிராமம். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கோ மலையிடுக்குக்கோ போய்விடுவார்கள். கூடாரம் இல்லாமல் போனால்கூட மன்னித்துவிடுவார்கள். கிரில் இல்லாமல் வருகிற குடும்பஸ்தனைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். என்னுடையது உயர்ந்த ரகம். மடக்கினால் கைப்பெட்டி. விரித்தால் நான்கு கால், ஒரு மூடி, கரி போடத் தட்டு, மேலே கம்பி வலை. ஆறு பேருக்கான கோழியை ஒரே நேரத்தில் கருக்கிவிடும்.

இந்த விடுமுறைக்கு நான் மட்டும் கிளம்பினேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை. சாந்தியின் அண்ணன் பாண்டி புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது எங்களால் வர முடியவில்லை. வீட்டைப் பார்த்த மாதிரியும் இருக்கும், மச்சானைக் கூட்டிக்கொண்டு மேகமலையில் ஒரு கேம்ப் போட்ட மாதிரியும் இருக்கும் என்று திட்டம். கிளம்புவதற்கு முன்னால் மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"மச்சான், வரும்போது ஒரு கிரில் கொண்டு வர்றேன். மடக்குற மாடல். அதுக்கப்புறம் எல்லாரும் மேகமலை போறோம்."

"அளவு சரியா வருமா மாப்பிள்ளை?" என்று பதில் வந்தது.

"நம்ம குடும்பத்துக்குத் தாராளமா வரும்."

"துரு ஏறாதுல்ல?"

"எவர்சில்வர் மச்சான்."

அந்தப் பேச்சைப் பின்னால் பலமுறை போட்டுக் கேட்டுவிட்டேன். இரண்டு பேருமே தெளிவாகத்தான் பேசியிருக்கிறோம். தப்பு எங்கே என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

சாந்தி மட்டும் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு. "எங்க ஊர்க்காரக கோயில் காட்டுல மூணு கல்லக் கூட்டி முழுக் கிடாயவே சமைச்சு எறக்குறவுக. அவுகளுக்குப் போயி இதச் சொமந்துட்டுப் போறீகளே" என்றாள். மூன்று கல்லில் செய்தால் அது சமையல், கிரில்லில் செய்தால் அது கேம்பிங் என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அவ்வளவாகப் புரியவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போனேன். கூடாரப் பையை மேலே வைத்தேன். கிரில் பெட்டிக்கு அங்கே இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டேன். உசிலம்பட்டி வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் பக்கத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"ஆர்மோனியமா சார்?"

"இல்லைங்க. கிரில்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மஸ்கட்டில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் வெடிகுண்டே வைத்திருந்தாலும் எவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இங்கே பதில் சொன்ன பிறகுதான் சந்தேகம் அதிகமாகிறது.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று மாறியது. அதுவரை அடுப்புப் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்த முகத்தில் குளிர்ச்சி பட்டது. எனக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் மலையாளத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பேச்சிலிருந்து ஏலக்காய் வாங்குகிறவர்கள் என்று தெரிந்தது. மஸ்கட்டில் பாதி நாள் மலையாளத்தில்தான் எனக்கு வேலை. அது அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் சொன்னார்: "பின்னால் இருப்பவன் வைத்திருப்பது புது மாதிரித் தராசு. ஏல மையத்துக்குத்தான் போகிறான்." மற்றவர் சொன்னார்: "அப்படியென்றால் இன்றைக்கு விலை இறங்கும்." தேனி வருவதற்குள் அவர்கள் போனில் மூன்று பேருக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். என் கிரில் அந்த மாவட்டத்தில் செய்த முதல் வேலை அதுதான்.

தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் புரோட்டா சாப்பிட்டேன். இலையில் போட்டுப் பிய்த்து, மேலே சால்னாவை ஊற்றிவிட்டு, "பத்தலைன்னா கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார் பரிமாறியவர். மஸ்கட்டிலும் புரோட்டா கிடைக்கும். ஆனால் சால்னா பத்தவில்லை என்றால் அங்கே கேட்கக் கூச்சமாக இருக்கும்.

சின்னமனூரில் பாண்டி மச்சான் குட்டியானையோடு காத்திருந்தார். சின்னச் சரக்கு வண்டிக்குத்தான் அந்தப் பெயர். அவர் தோட்டத்துத் திராட்சையை ஏற்றிப்போகிற வண்டி. பின்னால் இரண்டு பேர் கயிறும் பழைய சாக்குமாக நின்றார்கள். ஒரு மாப்பிள்ளையை வரவேற்க இவ்வளவு ஏற்பாடா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, தங்கச்சி பிள்ளைகள்லாம் நல்லா இருக்காகளா? கிரில்லு எங்கன, லாரியில வருதா?"

"கையிலயே இருக்கு மச்சான்."

அவர் பெட்டியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். கயிறு வைத்திருந்தவர்களிடம் "ஏலே, நீங்க போங்கடா" என்றார். பிறகு வண்டியில் ஏறி, வீடு வரைக்கும் திராட்சை விலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

வீடு நன்றாக இருந்தது. முன்னால் மஞ்சள் பெயின்ட், உள்ளே வழவழப்பான தரை. பின்பக்கம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சமையற்கட்டு பின்வாசலைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. கதவு இல்லை. வளைவு வைத்துக் கட்டினால்தான் இப்போதைய அழகு என்று ஏதோ வீடியோவில் பார்த்து மச்சான் வைத்த பெரிய வளைவு. அதில் ஒரு மடக்கு கிரில் போடுவதாகத் திட்டம். கடைகளில் இருக்குமே, இழுத்தால் மடங்கி ஓரமாகப் போய் நிற்கிற இரும்புக் கதவு, அது. வெல்டிங் கடைக்காரர் அளவெடுக்க வந்தபோது மச்சான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "மஸ்கட்டுல இருந்து மாப்பிள்ளை கொண்டாராக. எவர்சில்வராம்."

வளைவுக்குக் கீழே ஒரு முக்காலியில் மச்சானின் மனைவி முருகேஸ்வரி அக்கா கையில் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். கம்பு என்னை வரவேற்க அல்ல. எதிரே மதில்மேல் எட்டுப் பத்துக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து சமையற்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வாங்க தம்பி" என்று எழுந்தார்கள். "எங்கன கிரில்லு?"

பெட்டியைத் தரையில் வைத்து விரித்தேன். கால்களை நீட்டினேன். மூடியைத் திறந்து காட்டினேன். கம்பி வலை வெயிலில் மின்னியது. குரங்குகள்கூடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தன. மச்சான் மெதுவாக அந்த வலையை எடுத்து வளைவின் ஓரத்தில் பொருத்திப் பார்த்தார். ஒரு மூலையை மறைத்தது.

"இது கோழி சுடுறதுக்கு மச்சான்" என்றேன்.

"கோழியா?"

"மேகமலையில. கேம்பிங்குக்கு."

அக்கா கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் சிரித்தார்கள். "கிரில்லு வரட்டும், பூட்டிப்புட்டு நானும் மேல வாரேன்னு இவுககிட்ட சொல்லி வச்சிருந்தேன் தம்பி. சீலகூட எடுத்து வச்சாச்சு" என்றார்கள். "இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்து வந்ததுல இருந்து அந்த மலையப் பாத்துக்கிட்டேதான் பாத்திரம் வெளக்குறேன். ஒரு தடவ போனதில்ல. அப்ப மாடு இருந்துச்சு. பெறகு பிள்ளைக. இப்ப கொரங்கு."

அவர்கள் சொன்னது கூட்டிச் சொன்னதில்லை. வளைவுக்குத் தகரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குரங்குகள் தூக்கி எறிந்துவிட்டன. தார்ப்பாய் கட்டினார்கள், கிழித்து அதிலேயே தொங்கி ஊஞ்சல் ஆடின. ஒருநாள் அக்கா துக்கவீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, தண்ணீர்க் குழாய் திறந்துகிடக்க, குளிர்சாதனப் பெட்டி திறந்துகிடக்க, பெரிய கடுவன் குரங்கு ஒன்று மாவரைக்கும் கிரைண்டர்மேல் உட்கார்ந்து தக்காளி தின்றுகொண்டிருந்ததாம். அதிலிருந்து அக்கா வீட்டைவிட்டு நகர்வதில்லை. மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். மச்சான் விடிந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர்களும் திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான் பொழுதைக் கழிக்கிறார்கள். ஆகவே அந்த முக்காலி.

அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் போட்டார்கள். தலைகுனிந்து சாப்பிட்டேன். குழம்பு மிகவும் நன்றாக இருந்தது என்பதும் சங்கடமாகத்தான் இருந்தது.

மறுநாள் நானும் மச்சானும் வெல்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படிக் கைப்பிடிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். "அன்னைக்கே அளவெடுத்திருந்தா இந்நேரம் மாட்டியிருப்பேன். இப்ப மண்டபத்து வேல கழுத்தப் பிடிக்குது. அடுத்த மாசம் பாப்போம்ணே" என்றார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் இருந்தது பெரிய மனது. வண்டியில் கிரில்லும் கிடந்தது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க வெல்டிங் விட்டுப்போச்சு?" என்று கேட்டார். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றேன். "பெறகு எதுக்குக் கொண்டாந்தீக?" என்றார். நான் அதை மறுபடியும் மடக்கினேன்.

திரும்பும் வழியில் துணி தேய்க்கிறவர் ஒருவரிடம் ஒரு பை சிரட்டைக்கரி வாங்கினேன். அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும் கேம்பிங் ஆசை இன்னும் போகவில்லை.

மூன்றாம் நாள் மேகமலைக்குக் கிளம்பினோம். நானும் மச்சானும் மட்டும். அக்கா விடிவதற்குள் எழுந்து, புதினாவும் மிளகும் அரைத்துத் தடவிய கோழியை ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்கள். "அது பத்தாட்டி இருக்கட்டும்" என்று எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் வாழையிலையில் கட்டி வைத்தார்கள். நான் மஸ்கட்டில் பழகிய கேம்பிங்கில் கட்டுச்சோற்றுக்கு இடம் கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். வண்டி கிளம்பும்போது அக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக் கம்பை எடுப்பதைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பொட்டியில என்னண்ணே?"

"கிரில்."

"அப்படியா. எஸ்டேட்டுல யாரு வீட்டுக்கு மாட்டப் போறீக?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கிரில் மேகமலை பார்த்திருக்கும். ஆனால் மூன்று நாளாக என் கிரில்லை யாருமே கிரில் என்று ஒப்புக்கொள்ளாத ஆத்திரம் எனக்கு. பெட்டியைத் திறந்து, கரி எங்கே போடுவது, கோழி எங்கே வைப்பது, புகை எந்தப் பக்கம் போகும் என்று முழுக்க விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அடுப்புன்னு சொல்லுங்க" என்றார். "அடுப்பு, கரி, விறகு, ஒண்ணும் மேல போகக்கூடாது. புலி நடமாடுற காடுண்ணே. தீப்பட்டா யாரு அணைக்கிறது? அது என்ன, டெண்ட்டா? அதுவும் வேணாம். வெளிய படுத்தீகன்னா ராத்திரி காட்டுமாடு வந்து எழுப்பும். பொழுது சாயங்குள்ள எறங்கிருங்க."

"நாங்க குட்டியானையிலதான வந்திருக்கோம், நம்ம ஆளுகதான்" என்று மச்சான் சமாதானம் பேசிப் பார்த்தார்.

"மேல பெரிய யானை நிக்குது" என்றார் காவலர்.

கிரில், கரி, கூடாரம் மூன்றையும் சாவடிக்குப் பக்கத்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு ஏறினோம். டீக்கடைக்காரர் கிரில்லின் மூடிமேல் பன் டப்பாவை வைத்துக்கொண்டார். திரும்பி வரும்வரை அது அங்கே ஒரு வேலையில் இருந்தது என்பதே எனக்கு ஆறுதல்.

மேலே போகப் போகச் சாலை வளைந்து வளைந்து ஏறியது. சில இடங்களில் சாலை போய், சாலை இருந்த அடையாளம் மட்டும் இருந்தது. அப்படி ஓர் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மச்சான் இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் சரிவில் நின்று ஏலச்செடிகளைப் போட்டோ எடுத்தேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. அதையும் ஒரு போட்டோ எடுத்தேன்.

உச்சியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்க, மேகம் எங்கள் காலடியில் போய்க்கொண்டிருந்தது. மஸ்கட்டில் இந்தக் காட்சிக்கு ஆள்கள் அழுதுவிடுவார்கள். மச்சானுக்குப் பசி. தூக்குவாளியில் பச்சைக்கோழி இருந்தது. அடுப்பு மலையடிவாரத்தில் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொண்டாங்க, நான் வறுத்துத் தாரேன்" என்று வாளியை வாங்கிக்கொண்டார். ஒரு பழைய இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி வறுத்துக் கொடுத்தார். கரிவாசனை இல்லை, கம்பித் தழும்பு இல்லை. இரண்டு பேரும் எலும்பைக்கூட விடவில்லை.

சாலையோர மரத்தில் சிங்கவால் குரங்குகள் நான்கு. அவற்றைப் பார்க்க ஒரு கூட்டம் தலையை அண்ணாந்து நின்றது. பெரிய காமிரா, தூரக்கண்ணாடி. கேரளத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் கணவரிடம் மலையாளத்தில் உருகினாள்: "இதுகள் நம் வீட்டு முற்றத்துக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்." மச்சானுக்கு மலையாளம் தெரியும். "வெலாசத்த வாங்குங்க மாப்பிள்ளை, இன்னைக்கே அனுப்பி வைப்போம்" என்றார் என் காதோரம். இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.

பிறகு கட்டுச்சோற்றைப் பிரித்தோம். எலுமிச்சைச் சோறு குளிரில் இன்னும் நன்றாக இருந்தது. பாதி சாப்பிடும்போது மச்சான் கையை நிறுத்தினார்.

"அவ சோறு மட்டும் மேல வந்திருச்சு பாத்தீகளா" என்றார்.

நான் என் இலையை மடித்து வைத்தேன். மேகமும் தேயிலையும் அப்படியேதான் இருந்தன. ஆனால் நான் எடுத்த போட்டோக்களை எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் கிரில்லை மீட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். அக்கா முக்காலியில்தான் இருந்தார்கள். எழுந்து காப்பி போட்டுக்கொண்டே கேட்டார்கள்: "எப்பிடி இருந்துச்சு தம்பி?" குளிர், மேகம், குரங்கு, கோழி வறுத்த அம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"அங்கன இருந்து பாத்தா நம்ம வீடு தெரியுதா?"

நான் பார்க்கவில்லை. சரிவில் நின்று பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்தேன். இந்த வீட்டைத் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. மச்சானும் தேடியிருக்கவில்லை. வருஷக்கணக்காகக் கீழே இருந்து மலையைப் பார்க்கிறவருக்கு மேலே போனால் முதலில் எதைப் பார்க்கத் தோன்றும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாமல் போயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நல்லாருக்கே. வந்த மாப்பிள்ளைய கொரங்குக்குக் காவல் வச்சிட்டு நான் ஊரு சுத்தப் போறதா? சுத்திலும் இருக்கவக காறித் துப்புவாக" என்றார்கள்.

மச்சானும் தலையாட்டினார். அந்த வீட்டில் மாப்பிள்ளை காப்பி டம்ளரைக் கழுவினாலே குற்றம். கம்பெடுத்துக் குரங்கு விரட்டினால் ஊர்ப் பஞ்சாயத்தே கூடும். நேராகப் போனால் நடக்காது என்று தெரிந்தது. வழக்கத்தை வழக்கத்தால்தான் மடக்க வேண்டும். மாப்பிள்ளை முறுக்கைக் காட்டினேன்.

"நான் மஸ்கட்டுல இருந்து இதைச் சுமந்துட்டு வந்தது கிரில் பத்தவைக்க. அங்க விடலை. இங்கயும் ஒருநாள் விட மாட்டீங்கன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டு நாளைக்கே ஊருக்குக் கிளம்புறேன். இந்தப் பின்வாசல்ல நாளைக்கு நான் கேம்பிங். யாரும் இருக்கக் கூடாது. கேம்பிங்னா தனியாத்தான் இருக்கணும்."

மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார் என்ற பேச்சு, குரங்குக்குக் காவல் இருந்தார் என்ற பேச்சைவிடப் பெரிது. மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா மலையைப் பார்த்தார்கள். இருட்டிவிட்டதால் அது தெரியவில்லை, ஆனாலும் பார்த்தார்கள்.

காலையில் அரக்குச் சிவப்புச் சீலை கட்டி, தலையில் பூ வைத்துக் குட்டியானையின் முன் இருக்கையில் ஏறினார்கள். ஏறிய பிறகும் உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன. "பெரிய கடுவன் ஒண்ணு வரும் தம்பி. அதப் பாத்து மொறைக்காதீக. கம்ப மட்டும் தரையில தட்டுங்க. அரிசி டப்பா மூடிமேல கல்லு வச்சிருக்கேன், எடுக்காதீக. குழாய இறுக்கிப்புட்டேன்." மச்சான் வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும் வரைக்கும் அக்கா பின்னால் திரும்பி வீட்டையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

நான் வளைவை அடைத்தாற்போலக் கூடாரத்தை விரித்துக் கட்டினேன். மஸ்கட் நண்பர்கள் அசந்துபோகிற அளவுக்கு நன்றாகக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரண்டு குரங்குக் குட்டிகள் படுத்திருந்தன. அவற்றை விரட்டக் குனிந்தபோது பெரிய கடுவன் கிரில் தட்டிலிருந்து லைட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. லைட்டருக்காகப் பக்கத்துத் தோப்பில் தென்னை மரம் தென்னை மரமாக அலைந்தேன். அது மேலே இருந்து என்னைப் பார்த்தது, நான் முறைக்கவில்லை. திரும்பி வருவதற்குள் கரிப்பையைக் கிழித்து முற்றமெங்கும் இறைத்திருந்தன. ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினேன். நல்லவேளையாக அரிசி டப்பாவின் கல் அதே இடத்தில் இருந்தது.

நடுவில் சாந்தி போன் செய்தாள்.

"என்ன பண்றீக?"

"கேம்பிங்."

"மேகமலையிலயா?"

"உங்க அண்ணன் வீட்டுப் பின்வாசல்ல. உங்க அண்ணியும் அண்ணனும் மேகமலையில."

"அண்ணி மேல போயிருக்காகளா?" என்றாள். திரும்பவும் அதையே கேட்டாள். பிறகு, "கிரில் பத்துச்சா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதுவரை பத்தவே இல்லை. சமையற்கட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஒருவழியாகக் கரி பிடித்து, சமையற்கட்டில் ஒரு சாக்கில் கிடந்த மக்காச்சோளக் கருதுகளை வலைமேல் அடுக்கினேன். அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. குரங்குகள் சமையற்கட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டன. எல்லாம் மதிலிலிருந்து இறங்கி வந்து, கிரில்லைச் சுற்றி ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன. கடுவன் ஒரு கருதை எடுத்து, கை சுட்டதும் கீழே போட்டு, ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே காத்திருந்து பிறகு தின்றது. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை என்னைச் சுற்றி உட்காருகிற நண்பர்களுக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது. நான் சுட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கருதுகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வளைவைத் தாண்டி ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. அக்கா நேராகப் பின்பக்கம் வந்தார்கள். குழாய், குளிர்சாதனப் பெட்டி, அரிசி டப்பாவின் கல், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்கள். தலையில் இருந்த பூ குளிரில் வாடாமல் அப்படியே இருந்தது.

"மேகம் ஈரமா இருக்கு தம்பி, கையில படுது" என்றார்கள். "அந்தத் தண்ணி, தேயில எல்லாம் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா போகையில ஒரு வளைவுல வண்டிய நிப்பாட்டச் சொல்லி நம்ம வீட்டத்தான் தேடுனேன். எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கு. இவுக அங்கனங்குறாக, இங்கனங்குறாக, ஒண்ணும் பிடிபடல. அப்பத்தான் ஒரு எடத்துல பொகை. தென்னந்தோப்புக்கு இங்கிட்டு, ஒல்லியா. ஏங்க, தம்பி கிரில்லப் பத்தவச்சிட்டாக, அதான் நம்ம வீடுன்னேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். நாம உள்ள இல்லாம நம்ம வீட்ட இதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல."

"போகும்போதா?" என்று கேட்டேன்.

"ஆமா. வெயில் ஏறுறதுக்கு முந்தி."

அந்த நேரத்தில் நான் லைட்டரைத் தேடித் தோப்பில் அலைந்துகொண்டிருந்தேன். கிரில்லில் ஒரு பொறிகூட இல்லை. யாரோ தோப்பில் சருகு கொளுத்தியிருக்கலாம்; யார் வீட்டு வெந்நீர் அடுப்போ, எந்தத் தெருவோ. மச்சான் கிரில் தட்டில் இன்னும் கனிந்துகொண்டிருந்த கரியைப் பார்த்தார், முழுதாகச் சாம்பலாகாத மிச்சத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஆமாக்கா" என்றேன். "நீங்க கிளம்புன உடனே பத்தவச்சுட்டேன்."

அக்கா தலையாட்டினார்கள். கிரில்லின் மூடியைத் தொட்டுப் பார்த்து, சூடு பட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். "நல்ல கிரில்லுதான் தம்பி. நாங்கதான் அன்னைக்கு வெவரம் தெரியாமப் பேசிப்புட்டோம்" என்றார்கள். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்கள்.

"வைகை டேமும் நான் பாத்ததில்ல. நாளைக்குப் போவோமான்னு இவுக கேக்குறாக. நீங்க நாளைக்கும் கேம்பிங் போடுவீகளா?"

கரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க எழுந்து போனேன்.